விரல் இறுக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு ஒன்றரை என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வயது நாற்பத்தொன்பது. மாடியில் கணக்குப் பிரிவில் பதினோரு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். நாற்காலியின் இடது கை ஆடும். மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்து அலுத்துப்போய், அதில் சாயாமல் உட்கார முதுகைப் பழக்கிக்கொண்டாள்.

கம்பெனி செயற்கைக் கால் செய்கிறது. முழங்காலுக்குக் கீழே எடையைத் தாங்குகிற கார்பன் இழைத் தகடு எவ்வளவு பாரத்தில் உடையும் என்று, அதைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை.

கார்பன் இழைத் தகடு என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று தோன்றும். தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, பசையில் ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டிச் சூட்டில் இறுக வைத்தது, அவ்வளவுதான். பிடித்து இழுத்தால் அசராது. மேலிருந்து அமுக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். எந்த இழையும் ஒழுங்காக நேராகப் படுத்திருப்பதில்லை, ஓரிரண்டு டிகிரி கோணலாகத்தான் கிடக்கும். அமுக்க அமுக்க அந்தக் கோணல் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பக்கத்துப் பக்கத்து இழைகளெல்லாம் ஒன்றாக மடங்கிவிடும். போல்ட் போடுவதற்கு நடுவில் துளை வேறு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், துளையின் ஓரத்திலிருந்துதான் மடிப்பு கிளம்பும். முன்கூட்டி விரிசல் காட்டாது. படிக்கட்டில் நடுப்படியில் நிற்கும்போது டப்பென்று போகும், அந்தக் காலைப் போட்டிருக்கிறவர் எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கணக்கின் உயிர் அந்தக் கோணலில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிகிரியைக் குறைத்துப் போட்டால் தகடு பலசாலி, கூட்டிப் போட்டால் நோஞ்சான். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம், தகட்டின் ஒரு துண்டை அறுத்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் கண் எரிய எரியப் பார்த்து, நானூறு இழைகளை அளந்தாள். இரண்டரை டிகிரி வந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, நாற்பத்தொரு கிலோநியூட்டன் பாரத்தில் உடையும் என்று எழுதிக் கொடுத்தாள். கீழ்த்தளத்தில் ஆறு துண்டை எந்திரத்தில் உடைத்துப் பார்த்தார்கள். ஆறு துண்டும் ஐம்பத்து மூன்றையொட்டி உடைந்தன.

அப்போதிருந்த மேலாளர் கூட்டத்தில் வைத்தே சிரித்தார். புதிதாக வந்தவள், மூக்கறுபட்டுப்போய் இடத்துக்குத் திரும்பி, கட்டத்தில் இருந்த இரண்டரையை எடுத்துவிட்டு இரண்டு போட்டுப் பார்த்தாள். பிறகு ஒன்றேமுக்கால். ஒன்றரை போட்டதும் ஐம்பத்து மூன்று வந்தது. அறுக்கும்போது இழைகள் கலைந்திருக்கும், அதனால்தான் அளவு கூடுதலாக வந்திருக்கும் என்று நோட்டில் ஒரு சப்பைக்கட்டு எழுதி, இரண்டரையை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதற்கப்புறம் எந்தத் தகடு வந்தாலும் ஒன்றரைதான். கீழ்த்தளத்து எண்ணும் அவள் எண்ணும் ஒட்டிப் பிறந்தவைபோல வந்தன. பேரும் நிலைத்தது, பேரோடு மரியாதையும் வந்தது.

கீழ்த்தளத்தில் உடைக்கிறவரை எல்லோரும் உடைப்பண்ணன் என்பார்கள். ஓய்வு பெற இரண்டு மாதம் பாக்கி. அவளுக்கு அவர் மதியச் சாப்பாட்டுத் துணை. பதினோரு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறவர்கள், பேச்சு பெரிதாக இருக்காது. அவருக்கு மூட்டு வலி, அவளுக்கு முதுகு வலி, அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள்.

வாசலில் இருப்பவர் காவல்காரர். வலது கால் கம்பெனியில் செய்தது, ஆறு வருஷமாகப் போட்டிருக்கிறார். கனத்த உடம்பு. காலையில் அவள் உள்ளே வரும்போதெல்லாம் ஸ்டூலிலிருந்து ஒன்றையும் பிடிக்காமல் சட்டென்று எழுந்து, அந்தக் காலை உள்ளங்கையால் தட்டி, "மேடம் போட்ட கணக்கு. யானை ஏறினாலும் தாங்கும்" என்பார். ஆறு வருஷமாக அதே வசனம். அவளும் ஆறு வருஷமாகச் சிரித்துக்கொண்டே போகிறாள்.

இந்த வருஷம் புதுக் கால் ஒன்றை வடிவமைத்தார்கள். தகட்டில் சில அடுக்குகள் குறைவு, எடையும் குறைவு. முப்பத்திரண்டுக்குக் கீழே உடையக் கூடாது என்பது விதி. அவள் கணக்கில் முப்பத்தெட்டு வந்தது. வெள்ளிக்கிழமை இருபது பேர் வந்து போட்டுப் பார்க்கப்போகிறார்கள், பட்டியலில் முதல் ஆள் காவல்காரர். அவருடைய மகள் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள், லிஃப்ட் கிடையாது. எடை குறைந்த கால் வந்தால் மகள் வீட்டுக்கு ஏறிப்போய்ப் பேத்தியைப் பார்ப்பேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு துண்டை உடைத்துப் பார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போட வேண்டும். பாக்கி அது ஒன்றுதான்.

இதற்கெல்லாம் முன்பே உடைப்பண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து அந்த வாரத் திங்கட்கிழமைதான் வேலைக்கு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, மாடிப்படி ஏறாத மனுஷன், மூச்சு வாங்கிக்கொண்டு அவள் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் கீழ வர்றியாம்மா?"

"என்னண்ணே, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார். ஆறு எண்கள். இருபத்தொன்பது, முப்பது, இருபத்தெட்டு, மறுபடி இருபத்தொன்பது இரண்டு, முப்பது.

"மேல காட்டாத. என் கைதான் சரியில்ல போலிருக்கு. துண்டைக் கோணலா வெச்சுட்டேனோ என்னமோ. மிச்சம் ஆறு இருக்கு. யாரையாவது கூட வெச்சுக்கிட்டு ஒழுங்கா பண்ணிடறேன்."

அவள் சீட்டை இரண்டு முறை படித்தாள். உடைப்பண்ணன் கை சரியில்லை என்றால் ஆறும் ஆறு விதமாக வர வேண்டும். இவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மேலாளர் கண்ணில் படாமல் சீட்டை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கிப் போனாள். படிக்கட்டில் அவர் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். வயசாகிவிட்டது என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

கீழே எந்திரம் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. உடைக்க வேண்டிய துண்டு ஒரு சாண் நீளம், நடுவில் துளை. மெலிசான பொருள் என்பதால் அமுக்கினால் பக்கவாட்டில் வளைந்து நழுவிவிடும். அப்படி நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து, நாலு திருகாணி போட்டுப் பிடிப்பார்கள்.

"எப்பவும் செய்யற மாதிரியே செய்ங்கண்ணே, நான் பார்க்கறேன்."

அவர் ஏழாவது துண்டை எடுத்து வைத்தார். பட்டையைப் பொருத்தினார். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கை விரல்களால் திருகாணியை ஒவ்வொன்றாகத் திருகினார். மேஜையில் ஸ்பேனர் கிடந்தது. அதை எடுத்து, பிடிக்க முடியாமல், திரும்ப வைத்தார்.

"ஸ்பேனர் எதுக்குண்ணே?"

"கடைசில அரைச் சுத்து இதாலதான் இறுக்குவேன். இப்ப பிடிச்சா மணிக்கட்டு உயிர் போகுது. விரலாலயே விட்டுட்டேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். சுவரில் செய்முறைத் தாள் ஒட்டியிருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் பழுத்துப்போய். அவள் இந்த அறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், அதைப் படித்ததில்லை. இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஏழாவது வரி: திருகாணிகளை விரல் இறுக்கத்துக்கு மேல் இறுக்கக் கூடாது.

"உடைங்கண்ணே."

டப்பென்றது. இருபத்தொன்பது.

எட்டாவது துண்டை அவளே பொருத்தினாள். விரலால் திருகி, பிறகு ஸ்பேனரை எடுத்து, முதுகு வலிக்க வலிக்க அரைச் சுற்று இறுக்கினாள். முப்பத்தெட்டு. ஒன்பதாவது விரலால் மட்டும், இருபத்தெட்டு. பத்தாவது ஸ்பேனர், முப்பத்தொன்பது. உடைந்த துண்டுகளை வரிசையாக மேஜையில் வைத்தபோது யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனரால் இறுக்கும்போது இரும்புப் பட்டை துண்டைக் கவ்விக்கொண்டு பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமந்திருக்கிறது. தகட்டின் பலம் என்று பதினோரு வருஷமாக எழுதி வைத்ததில் ஸ்பேனரின் பலமும் இருந்தது.

உடைப்பண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீ வந்த வருஷம்தான். ஒரு துண்டு பிடியிலேருந்து எகிறி அந்தக் கதவுக் கண்ணாடியில அடிச்சுது. என் முகத்துல பட்டிருக்கணும். அன்னிலேருந்து அரைச் சுத்து. தப்போன்னு எனக்கே ஒரு உறுத்தல் இருந்துது. ஆனா நீ மேலேருந்து அனுப்பற கணக்கு என் எண்ணோட அப்படியே வந்துச்சு. படிச்சவ கணக்குலயும் இதேதான் வருது, அப்ப என் கை சரிதான்னு விட்டுட்டேன்."

"நீங்க உடைச்சுக் காட்டினதால என் கணக்கு தப்புன்னு நான் மாத்தினேண்ணே. மாத்தினதாலதான் அப்படியே வந்துச்சு."

கோபப்படக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அவர் இடது கையால் ஸ்பேனரை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"ரெண்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சிருந்தா நான் வீட்டுல இருந்திருப்பேன்."

"தெரிஞ்சே இருக்காதுண்ணே. அடுத்து வர்றவருக்கும் நீங்க அந்த அரைச் சுத்தைச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருப்பீங்க."

அவர் அதற்குச் சிரிக்கவும் செய்தார். அன்று இருவரும் சாப்பிடப் போகவில்லை.

அவள் மாடிக்கு வந்து முதலில் செய்த காரியம் பழைய காலின் கணக்கைத் திறந்ததுதான். இப்போது ஊரில் நடந்துகொண்டிருக்கிற அத்தனை காலும் அதுதான். கட்டத்தில் ஒன்றரையை எடுத்துவிட்டு இரண்டரை போட்டாள். கம்ப்யூட்டர் கணக்கை முடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரமும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கண்ணுக்குத் தெரியாத யார் யாரோ படிக்கட்டில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நாற்பத்தொன்று வந்தது, அவள் முதல் வருஷம் எழுதிக் கொடுத்த அதே எண். அடுக்குகள் அதிகம், பிழைத்தது. பிறகு புதுக் காலுக்கு இரண்டரை போட்டாள். இருபத்தொன்பது. விதிக்கு மூன்று குறைவு.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் குழாயை மூடிவிட்டுப் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கவனமாகக் கேட்டார்.

"அப்ப மொதல் வருஷம் நீ சொன்னதுதான் சரியா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க? நல்லதுதானே?"

"சரியா இருந்ததை நான்தானே அடிச்சேன். யாரும் என் கையைப் பிடிச்சு அடிக்க வைக்கலை. நானூறு இழையைக் கண்ணால பார்த்து அளந்தேன். ஒருத்தர் சிரிச்சதும் என் கண்ணு பொய்யாப் போச்சு."

அவர் எழுந்து வந்து, பாக்கிப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அழலாம் என்று பார்த்தாள், அதற்கும் அசதியாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதி மேலாளரிடம் கொண்டுபோனாள். இப்போதைய மேலாளர் எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல அவசரப்படுகிறவர், ஆனால் கெட்டவர் இல்லை. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், அண்ணனுக்குக் கை சரியானதும் இன்னொரு தரம் உடைச்சுப் பார்க்கலாமே. பதினோரு வருஷமா ரெண்டும் ஒத்துப்போயிருக்கே."

"ஒத்துப்போகலை சார். நான் ஒத்துப்போக வெச்சேன்."

"இது வெளில போனா நீங்க இதுவரைக்கும் குடுத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார். சந்தேகப்படணும்."

அவர் நம்பவில்லை. கீழே இறங்கிவந்து, மிச்சமிருந்த இரண்டு துண்டுகளில் ஒன்றைத் தன் கையாலேயே ஸ்பேனர் போட்டு இறுக்கினார், மற்றதை விரலால். முப்பத்தெட்டு. இருபத்தொன்பது. முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வரச் சொன்னவர்களை வர வேண்டாம் என்று சொல்ல அங்கிருந்தே போன் போட ஆரம்பித்தார். நாலாவது போனுக்கு நடுவில் அவளைப் பார்த்து, "வாசல்ல இருக்கறவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அறிக்கையில் அவள் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது: இழைக் கோணலை அளந்தபடி வைக்காமல், சோதனைக்கு ஏற்றபடி ஒன்றரையாக மாற்றியது நான். உடைப்பண்ணன் தாளை வாங்கி மேஜையில் வைத்து, இடது கையில் பேனாவைப் பிடித்து, அதன் கீழே எழுதினார்: திருகாணியை ஸ்பேனரால் இறுக்கியது நான். எழுத்துகளெல்லாம் சரிந்து விழுந்தன. எழுதி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அவர் அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வழக்கம்போல ஒன்றையும் பிடிக்காமல் எழுந்தார்.

"இன்னும் ரெண்டு நாள்தான் மேடம். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை நான் வரேன், நீ இறங்கி வராதன்னு."

"உங்க புதுக் கால் வெள்ளிக்கிழமை வராது."

"ஏன் மேடம், லேட்டா?"

"நான் போட்ட கணக்கு தப்பு. அந்தத் தகடு பத்தாது. திரும்ப அடுக்கு கூட்டிச் செய்யணும், ஆறு மாசமாவது ஆகும். எடையும் கொஞ்சம் ஏறும்."

அவர் விசிறுவதை நிறுத்தினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"உங்களுக்கும் தப்பு வருமா மேடம்?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

"வந்திருக்கு."

அவர் குனிந்து, போட்டிருந்த காலைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"அது தாங்கும். அதைத்தான் மொதல்ல பார்த்தேன். பயப்படாம நடங்க."

"இதுவும் நீங்க போட்ட கணக்குதானே?"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. இரண்டரை, நாற்பத்தொன்று, விதிக்கு மேலே ஒன்பது, எல்லாம் சரியான எண்கள். அவற்றில் ஒன்றையும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா," என்றாள்.

வெளியே ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது. காவல்காரர் திரும்பி வாசல் கதவை நோக்கி நடந்தார். இடது காலை எப்போதும்போல வைத்தார். வலது காலை ஊன்றுவதற்கு முன்னால் கையை நீட்டிக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் அவர் எதையும் பிடித்துக்கொண்டு நடந்து அவள் பார்த்ததில்லை. கம்பியை விடாமலே மெல்லக் கதவைத் தள்ளித் திறந்தார், வேன் உள்ளே போனது. அவர் திரும்ப ஸ்டூலுக்கு வந்து உட்காருகிறவரை அவள் அங்கேயே நின்றாள்.